மழைக்காட்டு மரங்களின் தலையில் சுமத்தப்படும் காலநிலைக் கணக்கு

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிறேசில் நாட்டின் பெலெம் நகரில் இடம்பெற்ற ஐக்கிய நாடுகளின் காலநிலை மாநாடு, அமேசன் பிராந்தியத்தில் நடத்தப்பட்ட முதலாவது காலநிலை மாநாடு என்ற வகையில் பெரிதும் பேசப்பட்டது. வெப்பவலயக் காடுகளை வெட்டாது பேணி வரும் நாடுகளுக்கு ஆண்டுதோறும் ஹெக்டயர் ஒன்றுக்கு 4 அமெரிக்க டொலர் வரை வழங்குவதற்கென நிதியம் ஒன்றினை பிறேசில் அரசாங்கம் அங்கு ஆரம்பித்து வைத்தது. அந்நிதியத்திற்கென 12,500 கோடி டொலரைத் திரட்டுவது இலக்கு எனவும் அறிவிக்கப்பட்டது. இதுவரை கிடைத்துள்ள வாக்குறுதிகள் அந்த இலக்கின் ஒரு சிறு பகுதியே என்பது வேறு விடயம். காடு வெட்டப்படாமல் நின்றால் போதும், எஞ்சியதை மரங்கள் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையே இத்தகைய திட்டங்கள் அனைத்தினதும் அடித்தளமாக அமைந்துள்ளது என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியதாகும்.

இம்மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்னதாக, 2025 ஒக்டோபரில், 'நேச்சர்' விஞ்ஞான சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்துள்ளது. அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து மாநிலத்தின் வடபகுதி மழைக்காடுகளில் 20 இடங்களில் 1971 முதல் 2019 வரை தொடர்ச்சியாக அளக்கப்பட்டு வந்த மரங்களின் பதிவுகளே அந்த ஆய்வின் மூலதனமாகும். ஏறத்தாழ 2000ஆம் ஆண்டு வரை இக்காடுகளின் தண்டுகளும் கிளைகளும் வளிமண்டலத்திலிருந்து காபனை எடுத்துச் சேமித்து வந்தன. அதன் பின்னர் கணக்கு தலைகீழாகியுள்ளது. புதிதாக வளரும் மரத்தைவிட இறந்து உக்கிப்போகும் மரம் அதிகமாகியுள்ளது. கோடரியோ தீயோ இங்கு காரணமல்ல. இவை பாதுகாக்கப்பட்ட காடுகள். இவ்வாறான மாற்றம் தண்டு, கிளைகளின் அளவில் பதிவான உலகின் முதலாவது வெப்பவலய மழைக்காடு இதுவே என ஆய்வாளர்கள் குறிப்பிட்டுள்ளனர். மண்ணிலும் வேரிலும் உள்ள காபன் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

குயீன்ஸ்லாந்தின் ஈரமான வெப்பவலயக் காடுகளும் எமது சிங்கராஜ வனமும் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது ஒரே ஆண்டில், அதாவது 1988இல் ஆகும். அங்கு நடந்திருப்பது எமக்குத் தொடர்பற்ற தூரதேசச் செய்தியன்று.

மழைக்காடுகளைப் பற்றிப் பேசும்போது 'பூமியின் நுரையீரல்' என்ற தொடரை மேடைதோறும் கேட்டுச் சலித்துவிட்டோம். உண்மையில் முதிர்ந்த காடொன்று வெளிவிடும் ஒட்சிசனில் ஏறத்தாழ முழுவதையும் அக்காட்டின் மரங்களும், மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் பிற உயிரினங்களுமே மீண்டும் உள்வாங்கி விடுகின்றன. மழைக்காட்டின் பெறுமதி ஒட்சிசனில் அல்ல. அது தன் உடலில் பூட்டி வைத்திருக்கும் காபனிலும், மண்ணிலிருந்து உறிஞ்சி மீண்டும் முகிலாக்கி அனுப்பும் நீரிலும், அதனுள் வாழும் உயிரினங்களிலுமே தங்கியுள்ளது. இம்மூன்றுக்கும் ஆதாரம் மரம். ஆகவே சூடேறும் உலகில் மரம் என்ன செய்கின்றது என்ற வினா தாவரவியலாளர்களுக்கு மட்டும் உரியதல்ல.

மரத்தின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். விலங்கு வெயில் கடுமையானால் நிழலைத் தேடிச் செல்லும். மரம் முளைத்த இடத்திலேயே நூறு, இருநூறு ஆண்டுகள் நின்றாக வேண்டும். இலையின் அடிப்பக்கத்தில் உள்ள நுண்ணிய இலைவாய்களின் ஊடாகவே அது காபனீரொட்சைட்டை உள்ளெடுக்கின்றது. அதே வாய்களின் ஊடாகவே நீரையும் இழக்கின்றது. வாயைத் திறந்தால் உணவு கிடைக்கும், ஆனால் நீர் போகும். மூடினால் நீர் மிஞ்சும், ஆனால் பட்டினி. ஒவ்வொரு நாளும் இந்த இரண்டுக்கும் இடையிலேயே மரம் தன் வாழ்வை நடத்துகின்றது.

வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டு அதிகரித்தால் மரங்களுக்கு அது உரமாகும் என்றும், வாயைச் சிறிதளவு திறந்தே போதிய உணவைப் பெறலாம் என்றும் ஒரு வாதம் நீண்டகாலமாக உண்டு. இது பொய்யென்று ஒதுக்கிவிட முடியாது. பொலிவியா, கமரூன், தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் காடுகளில் ஏறத்தாழ 1,100 மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வு, கடந்த ஒன்றரை நூற்றாண்டில் மரங்கள் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் திறன் மூன்றிலொரு பங்களவு உயர்ந்துள்ளதைக் காட்டியது. ஆனால் அதே வளையங்களில் வளர்ச்சி கூடியதற்கான அடையாளம் எதுவும் காணப்படவில்லை. மிச்சப்பட்டது நீர், பருத்தது தண்டு அல்ல. அமேசனின் பெரும்பகுதி மண்ணில் பொசுபரசு மிகக் குறைவு என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும். மனாவுஸ் நகருக்கு அண்மையில் மண்ணுக்கு உரமிட்டுப் பார்த்த பரிசோதனையில் பொசுபரசு இட்ட இடங்களிலேயே காட்டின் உற்பத்தி கூடியமை 2022இல் வெளிப்படுத்தப்பட்டது. அரிசி மூடை மூடையாக வந்திறங்கினாலும் அடுப்பில் விறகு இல்லையெனில் சோறு ஆகாது.

உரக் கணக்கின் மறுபக்கத்தில் நிற்பது காற்றின் தாகம். ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் கூடும்போது காற்று ஏறத்தாழ 7 வீதம் அதிக நீராவியைத் தாங்கிக்கொள்ள வல்லதாகின்றது. மழை குறையாமலே இருந்தாலும், வெப்பமேறிய காற்று இலையிலிருந்து மேலும் நீரை இழுக்கின்றது. வேரிலிருந்து உச்சி வரை காழ்க்குழாய்களில் நீர் அறாத ஒரு நூலாக இழுபட்டு நிற்கின்றது. இழுவை அளவு மீறினால் அந்த நூல் அறுந்து, குழாயினுள் காற்றுக் குமிழ் புகுந்துவிடும். பின்னர் அக்குழாய் நீரை ஏற்றாது. உயர்ந்த மரங்களே இதில் முதலில் சிக்குகின்றன. அவற்றின் நூல் நீளமானது. அவற்றின் தலை நிழலற்ற வெயிலில் நிற்கின்றது. காட்டின் காபனில் பெரும்பங்கை வைத்திருப்பனவும் இப்பெருமரங்களே.

குயீன்ஸ்லாந்தில் 24 இடங்களின் 49 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான முன்னைய ஆய்வு ஒன்று, அங்கு மரமொன்று ஓர் ஆண்டில் இறப்பதற்கான வாய்ப்பு 35 ஆண்டுகளுக்குள் இரட்டிப்பாகியுள்ளதாகக் கண்டறிந்திருந்தது. அதன் பொருள், மரங்களின் சராசரி ஆயுள் பாதியாகக் குறையக்கூடும் என்பதாகும். காற்றின் உலர்தன்மை கூடியமையே இதற்கான பிரதான காரணியாகச் சுட்டப்பட்டது. ஆக, 2025இல் வந்த முடிவு திடீரென வானத்திலிருந்து விழுந்ததல்ல. காட்டின் காபன் வரவுசெலவில் வளர்ச்சி வரவு, இறப்பு செலவு. காலநிலைக் கொள்கை வகுப்போர் இதுகாறும் வரவையே பார்த்து வந்துள்ளனர்.

அமேசனிலும் ஆபிரிக்காவிலும் நிலைமை எவ்வாறுள்ளது? ஆபிரிக்காவில் 244 இடங்களிலும் அமேசனில் 321 இடங்களிலும் மரங்களை அளந்து பெற்ற தரவுகளின் அடிப்படையில் 2020இல் வெளியான ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகின்றது. மனிதரால் குலைக்கப்படாத வெப்பவலயக் காடுகள் 1990களில் மனிதச் செயற்பாடுகளால் வெளியேறிய காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 17 வீதத்தை உறிஞ்சின. 2010களில் அது சுமார் 6 வீதமாகச் சுருங்கியது. காட்டின் பரப்பு குறைந்தமை ஒரு காரணம். உலகின் புகை கூடியமை இன்னொரு காரணம். எஞ்சிய காட்டின் உறிஞ்சும் வலுவே தளர்ந்தமை மூன்றாவது காரணம். அமேசனில் இத்தளர்ச்சி முன்னதாகவே தொடங்கிவிட்டது. ஆபிரிக்கக் காடுகள் உயர்ந்த, சற்றுக் குளிரான நிலங்களில் அமைந்திருப்பதால் 2015 வரை தாக்குப்பிடித்து நின்றன. அங்கும் இறங்குமுகத்தின் அறிகுறிகள் தென்படுகின்றன.

அமேசன் 2005, 2010, 2015-16, 2023-24 என இருபது ஆண்டுகளுக்குள் நான்கு கடும் வரட்சிகளைச் சந்தித்துள்ளது. மனாவுஸில் ரியோ நீக்ரோ ஆற்றின் நீர்மட்டம் 2023 ஒக்டோபரில் நூற்றாண்டுப் பதிவுகளில் மிகத் தாழ்ந்த நிலையை எட்டியது. அடுத்த ஆண்டே அந்தப் பதிவும் முறியடிக்கப்பட்டது. ஒரு வரட்சியில் தளர்ந்த மரம் தேறுவதற்கு முன்னரே அடுத்தது வந்துவிடுகின்றது.

இங்கு எமது கவனத்தை மிகவும் ஈர்த்த பரிசோதனை ஒன்றினைப் பற்றிச் சற்று விரிவாகவே குறிப்பிட வேண்டும். பிறேசிலின் பாரா மாநிலத்தில் கஷியுவானா என்னும் காட்டில், 2002ஆம் ஆண்டு முதல் ஒரு ஹெக்டயர் பரப்பில் மரங்களுக்குக் கீழே தெளிவான பிளாஸ்ரிக் தகடுகளைக் கூரைபோல் வேய்ந்து, மண்ணை அடையும் மழைநீரில் ஏறத்தாழ அரைவாசியை வடிகால் வழியாக அப்புறப்படுத்தி வந்துள்ளனர் ஆய்வாளர்கள். செயற்கை வரட்சி என்று இதனைச் சொல்லலாம். ஓரிரு ஆண்டுகளில் முடித்துக்கொண்டு போயிருந்தால் அங்கு குறிப்பிடத்தக்கதாக எதுவும் தென்பட்டிராது. ஆரம்பத்தில் காடு தாங்கியது. பின்னர் பெருமரங்கள் ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கின. அவை பட்டினியால் மாண்டனவா, தாகத்தால் மாண்டனவா என்பது பெரும் விவாதமாக இருந்தது. காழ்க்குழாய்கள் செயலிழந்தமையே பிரதான காரணம் என 2015இல் முடிவு வெளியாகியது.

இருபத்திரண்டு ஆண்டுகளின் முடிவில், 2025இல், அங்கிருந்து வந்த செய்தி வேறு விதமானது. முதல் பதினைந்து ஆண்டுகளுக்குள் காடு தன் உயிர்த்திணிவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இழந்துவிட்டது. அதன் பின்னர் இழப்பு நின்றுவிட்டது. பெருமரங்கள் போனதால் எஞ்சிய மரம் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நீர் கூடியது. அவை இன்று, வழமையான மழை பெறும் அயற்காட்டு மரங்களைவிட அதிக தாகத்துடன் இல்லை. காடு பிழைத்துக்கொண்டது. ஆனால் பிழைத்தது முன்பிருந்த காடல்ல.

இதனை நற்செய்தி என்பதா, துயரச் செய்தி என்பதா? மழைக்காடு ஒரே நாளில் புல்வெளியாகிவிடும் என்று அஞ்சுவோருக்கு இது ஆறுதல். காடு தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட காபனைப் பத்திரமாக வைத்திருக்கும் என்று நம்பி, தமது தொழிற்சாலைப் புகைக்கு ஈடாகக் காபன் வரவுச் சான்றிதழ்களை வாங்கி வைத்திருக்கும் கம்பனிகளுக்கு இது நட்டக் கணக்கு. செய்மதியிலிருந்து பார்க்கும்போது அந்த ஒரு ஹெக்டயர் இன்றும் பச்சையாகவே தெரியும். மேலே குறிப்பிட்ட நிதியம் செய்மதிப் படங்களைக் கொண்டே காட்டின் பரப்பை அளக்கவுள்ளது. நாற்பது மீற்றர் மரம் நின்ற இடத்தில் பதினைந்து மீற்றர் மரம் நிற்பதைப் பச்சை நிறம் சொல்லாது. பரப்பைக் காப்பது மிக அவசியம். காடழிப்பைத் தடுக்காமல் வேறெதையும் பேசுவதில் பயனில்லை. எனினும் பரப்பு மட்டுமே கணக்கு என்று இருந்துவிட்டால், கணக்கில் நட்டமில்லாமலே காட்டில் நட்டம் ஏற்படும்.

வெப்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வெப்பவலய மரங்களின் இலைகளில் ஒளித்தொகுப்புப் பொறிமுறை சராசரியாக 46.7 பாகை செல்சியஸ் அளவில் குலையத் தொடங்குகின்றது. 2023இல் வெளியான ஆய்வின்படி, இன்று பத்தாயிரம் இலைகளில் ஒன்றே அந்த அளவைத் தொடுகின்றது. வளிமண்டல வெப்பம் இன்னும் ஏறத்தாழ 4 பாகை உயர்ந்தால் காடு தாங்கும் எல்லை மீறப்படலாம் என அதே ஆய்வு மதிப்பிட்டது. இலை கருகுவதற்கு முன்னரே மரம் வேறு வழிகளில் நலிந்துவிடும் என்பதால், இந்த எண்ணைப் பார்த்து அவகாசம் நிறைய உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. உலகெங்கும் எண்ணூறுக்கு மேற்பட்ட இடங்களின் தரவுகளைத் திரட்டி 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஆண்டின் வெப்பமான மாதத்தில் பகல்நேர உச்ச வெப்பம் சராசரியாக 32.2 பாகையைத் தாண்டும் இடங்களில் காட்டின் காபன் சேமிப்பு விரைவாக வீழ்ச்சியடைவதாகக் காட்டியுள்ளது. அதே ஆய்வு சொன்ன இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தலைமுறை தலைமுறையாக வெப்பமான இடங்களில் வாழ்ந்து பழகிய காடுகள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே தாங்குகின்றன. அவகாசமும், வெப்பத்தைத் தாங்கும் இனங்கள் வந்து குடியேற வழியும் இருந்தால் காடு தன்னை மாற்றிக்கொள்ளும்.

வழி என்ற இந்தச் சொல்லில்தான் இலங்கையின் பிரச்சினை அடங்கியுள்ளது.

மரம் நடக்காது; மரத்தின் இனம் நடக்கும். விதை மேலே விழுந்து முளைத்து, கீழே நின்ற தாய்மரம் மடிந்தால், சில தலைமுறைகளில் அந்த இனம் மலையில் ஏறியிருக்கும். பெரு நாட்டின் அந்தீஸ் மலைச்சரிவுகளில் மரவினங்கள் ஆண்டுக்குச் சராசரியாக 2.5 முதல் 3.5 மீற்றர் வரை மேல்நோக்கி நகர்வதாக 2011இல் கண்டறியப்பட்டது. அங்குள்ள வெப்ப உயர்வுக்கு ஈடுகொடுக்க வேண்டுமெனில் இதைப்போல் இரண்டு மடங்கு வேகம் தேவை. கொலம்பிய அந்தீஸில் நிகழ்ந்த மாற்றத்தில் பெரும்பங்கு, குளிர் விரும்பும் மரங்கள் மடிவதனாலேயே ஏற்பட்டது. மேலே ஏறுவது மெதுவாக நடக்கின்றது. கீழே சாவது விரைவாக நடக்கின்றது. அந்தீஸிலாவது அடிவாரத்திலிருந்து உச்சி வரை அறாத காடு பல இடங்களில் உண்டு.

சிங்கராஜ வனம் ஏறத்தாழ 300 மீற்றரிலிருந்து 1,170 மீற்றர் வரையான உயரங்களில் பரந்துள்ளது. அதன் மரங்களில் 60 வீதத்துக்கு மேற்பட்டவை இந்நாட்டுக்கே உரியவை. இங்கு அழிந்தால் உலகில் வேறெங்கும் இல்லை. அதன் மேல்தட்டை ஆளும் மரங்கள் பல டிப்ரரோகாப் குடும்பத்தைச் சேர்ந்தவை. சிங்கள மக்கள் 'தூன்' என வழங்கும் மரங்களும் அவற்றுள் அடங்கும். இவை ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒன்றாகப் பூத்து ஒன்றாகக் காய்க்கும். கனியில் இறகுபோன்ற மடல்கள் இருந்தாலும், பெரும்பாலான விதைகள் தாய்மரத்தின் அருகிலேயே விழுந்துவிடும். விதையை உலர்த்திக் களஞ்சியத்தில் வைக்கவும் முடியாது. விழுந்த சில வாரங்களுக்குள் முளைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. இத்தகைய மரங்களுக்குப் பாய்ந்து கடக்கத் தெரியாது. அடுத்த அடிக்குக் காடு இருந்தால் மாத்திரமே அடுத்த அடி வைக்கும்.

அடுத்த அடிக்கு இருப்பது என்ன? ஈரவலயத்தின் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்காகவும், கோப்பியை நோய் அழித்த பின் தேயிலைக்காகவும், பின்னர் இறப்பருக்காகவும் வெட்டித் துப்புரவாக்கப்பட்டது. சிங்கராஜவையும் மத்திய மலைநாட்டின் உயர்காடுகளையும் பிரித்து நிற்பன தேயிலையும் குடியிருப்புகளும் தெருக்களுமே. சிவனொளிபாத மலைக் காட்டுத் தொகுதியில் மட்டுமே தாழ்நிலக் காட்டிலிருந்து 2,243 மீற்றர் உயரச் சிகரம் வரை ஓரளவு தொடர்ச்சியான காடு எஞ்சியுள்ளது. அந்த ஒரு படிக்கட்டின் பெறுமதி இன்னும் உணரப்படவில்லை என்றே நாம் கருதுகின்றோம்.

உச்சியில் உள்ளவற்றுக்கோ ஏறுவதற்கு மேலே இடமே இல்லை. ஹோட்டன் சமவெளியின் முகில்காடுகளில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போவது 1970களிலிருந்து அவதானிக்கப்பட்டு வருகின்றது. வரட்சி, மண்ணின் நிலை, காற்றில் வரும் மாசு, நோய்க்கிருமி எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. காலநிலை மாற்றம் மட்டுமே காரணம் எனக் கூறுவது விஞ்ஞானத்துக்குப் பொருந்தாது. ஆனால் ஏற்கெனவே நலிந்திருக்கும் காட்டின் மீதுதான் புதிய வெப்பம் வந்து விழுகின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று நதிகளின் தலையூற்றுகள் அங்கே உள்ளன. முகில்காட்டின் இலைகளும் பாசிகளும் மழை பெய்யாத நாளிலும் மூடுபனியிலிருந்து நீரை வடித்து மண்ணுக்கு அளிக்கின்றன. முகில் மட்டம் மேலே ஏறிவிட்டால் அந்த நீர் கிடையாது. கொழும்பில் குழாயைத் திறப்பவருக்கும் இதில் பங்குண்டு.

நல்ல வேளையாக, இந்நாட்டில் இவ்விடயத்தை அறிந்து ஆராய்வதற்கான அடித்தளம் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான நிமால் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரின் முயற்சியால் 1990களின் முற்பகுதியில் சிங்கராஜவில் 25 ஹெக்டயர் பரப்பில் நிரந்தர ஆய்வு நிலம் அமைக்கப்பட்டது. ஒரு சென்ரிமீற்றர் தடிப்பமுள்ள கன்று முதல் முதுமரம் வரை ஏறத்தாழ 2 இலட்சம் மரங்கள், இருநூறுக்கு மேற்பட்ட இனங்கள், ஒவ்வொன்றும் இலக்கமிடப்பட்டு அளக்கப்பட்டன. பனாமாவில் 1980களின் தொடக்கத்தில் ஆரம்பமாகி இன்று உலகளாவிய வலையமைப்பாக வளர்ந்துள்ள பெருநில ஆய்வுகளில் இதுவும் ஒன்றாகும். குயீன்ஸ்லாந்தில் 1971இல் மரங்களுக்கு இலக்கமிட்டவர்கள் காலநிலை மாற்றத்தை எண்ணி அதைச் செய்தவர்களல்லர். ஐம்பது ஆண்டுகள் யாரோ ஒருவர் காட்டுக்குள் சென்று நாடாவைச் சுற்றி அளந்து வந்தமையாலேயே இன்று உண்மை தெரிந்தது. அளவீட்டில் ஏற்படும் இடைவெளியைப் பின்னர் எவ்வளவு பணம் கொட்டினாலும் நிரப்ப முடியாது. ஆய்வுக்கென அரசு ஒதுக்கும் நிதி எப்போதும் முதலில் வெட்டப்படும் நிதியாக இருந்து வரும் நாட்டில் இதனை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

வழியை மீண்டும் திறப்பது இயலாத காரியமல்ல என்பதற்கும் அதே சிங்கராஜவின் எல்லையில் சான்று உண்டு. காட்டைச் சுற்றிய நிலங்களில் முன்னர் பைனஸ் மரங்கள் நடப்பட்டிருந்தன. நீரை உறிஞ்சும், தீப்பிடிக்கும், கீழே எதையும் வளரவிடாது என்று பைனஸை எம்மவர் திட்டித் தீர்ப்பது வழமை. 1990களில் பேராதனை ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் இணைந்து, பைனஸ் வரிசைகளில் சிலவற்றை அகற்றி, வெளிச்சம் புகுந்த அந்த இடைவெளிகளில் மழைக்காட்டு மரக் கன்றுகளை நட்டனர். எஞ்சிய பைனஸின் நிழல் கன்றுகளுக்குத் தாதியாக அமைந்தது. வெட்டவெளியில் பிழைக்க முடியாத இனங்கள் அங்கு வேரூன்றின.

2030ஆம் ஆண்டளவில் நாட்டின் வனப்பரப்பை 32 வீதமாக உயர்த்துவதாக இலங்கை 2021இல் ஐக்கிய நாடுகளுக்குச் சமர்ப்பித்த காலநிலை உறுதிமொழியில் கூறியுள்ளது. அந்த அதிகரிப்பு எங்கே, எந்த மரத்தைக் கொண்டு என்பதே கேள்வி. உலர் வலயத்தில் தேக்கும் யூக்கலிப்டசும் நட்டு வீதத்தைக் கூட்டிவிட முடியும். அறிக்கைக்கு அது போதும். சிங்கராஜவிலிருந்து மேலே செல்லும் ஆற்றோரங்களிலும், தேயிலை விளையாத செங்குத்துச் சரிவுகளிலும், பயிரின்றிக் கைவிடப்பட்டுப் பற்றைக்காடாகிப் போன தோட்டக் காணிகளிலும் ஒடுங்கிய காட்டுப் பட்டிகளை உருவாக்கினால் வீதக் கணக்கில் அது சிறிதாகவே தெரியும். மரங்களுக்கோ அதுவே படிக்கட்டு.

அந்தக் காணிகளைப் பற்றிப் பேசும்போது ஒரு விடயத்தில் நாம் மௌனமாக இருக்க முடியாது. அந்த மலைகளின் காட்டை வெட்டித் தோட்டமாக்கும் வேலைக்கு அழைத்து வரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள், மலையகத்துக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை 2023இல் நினைவுகூர்ந்தனர். அவர்களில் மிகப் பலருக்கு வீடொன்று அமைக்கச் சொந்தமாகச் சில பேர்ச் காணி இன்றுவரை கிடைக்கவில்லை. காட்டுப் பட்டி என்ற பெயரில் தோட்டக் காணிகள் வரையறுக்கப்படும்போது, லயன் அறைகளில் வாழ்வோரின் காணிக் கோரிக்கைக்கு எதிராக மரங்களை நிறுத்தும் தந்திரம் நிகழாதிருக்க வேண்டும். காணி வரைபடம் கொழும்பில் தயாரிக்கப்பட்டு தோட்ட மக்களுக்குப் பின்னர் அறிவிக்கப்படுமாயின் அத்தகைய திட்டம் ஐந்து ஆண்டும் நிலைக்காது. தோட்டத்தின் எந்த ஓடை எந்த மாதத்தில் வற்றுகின்றது, எந்தச் சரிவு மழைக்கு இறங்குகின்றது என்பதை அங்கு நாளாந்தம் கொழுந்து பறிப்போரே நன்கறிவர். எந்தச் சரிவில் வீடு, எந்தச் சரிவில் காடு என்ற தீர்மானத்தை வனத் திணைக்களமும் தோட்டக் கம்பனிகளும் மட்டும் மேசையைச் சுற்றியிருந்து எடுக்க முடியாது. மலையக மக்களின் பிரதிநிதிகளும் பேராதனையின் தாவரவியலாளர்களும் அந்த மேசையில் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். தூன் மரமொன்று நட்டுப் பூப்பதற்குப் பல தசாப்தங்கள் ஆகும் என்பதால், 2030க்கான அறிக்கையில் அதன் விதை இடம்பெறப் போவதில்லை.